பிப்ரவரி 8ஆம் தேதியும் நிற்கும் பொருத்தனை

அன்பானவர்களே, உங்கள் எல்லோருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் புத்தாண்டு வாழ்த்துகள். முடிந்தால் வேதாகமத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பக்கங்களை நிறையப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டின் தொடக்கத்தில் தேவனுக்கு எதை ஒப்புக்கொடுப்பது, ஒப்புக்கொடுத்ததை எப்படிக் காப்பது, அதாவது நாம் தேவனுக்கு நேர்ந்துகொண்டு கொடுக்கும் வாக்காகிய பொருத்தனையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த நாட்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஒவ்வொரு ஆண்டும் பொருத்தனை பண்ணுகிறேன், அது ஒரு மாதம்கூட நிற்பதில்லை. 'நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்' என்று பிரசங்கி 5:5 சொல்கிறதே, அப்படியானால் இந்த ஆண்டு ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடட்டுமா?"

இதைக் கேட்கிறவர்கள் தேவனிடம் விளையாட விரும்பாதவர்கள். அந்தப் பயம் நல்லது, அதைக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மனம் பதறிப் பேசாதே, தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், "ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்கிறது அது. பிரசங்கி கண்டிப்பது பதறிய வாயைத்தான். நள்ளிரவு ஆராதனையின் உணர்ச்சியில், பாடல் உச்சத்துக்குப் போகும்போது, பத்து வாக்குகளை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறோமே, அந்த வாயை. தேவனுக்கு எதையும் கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்ள அந்த வசனம் யாருக்கும் அனுமதி தரவில்லை.

இப்போது ஒரு சிறிய கணக்குப் போடுவோம். புத்தாண்டுத் தீர்மானங்களில் மிகவும் வழக்கமானது, ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிப்பது. மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஆகவே நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று அதிகம். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஆதியாகமத்தில் 50 அதிகாரங்கள், யாத்திராகமத்தில் 40. ஜனவரி 30ஆம் தேதி யாத்திராகமம் முடிகிறது. மறுநாள் லேவியராகமம் தொடங்குகிறது. எத்தனையோ பேருடைய வாசிப்பு இங்கேதான் நின்றுபோகிறது. பலிகளின் முறைகள், தீட்டின் சட்டங்கள், குஷ்டரோகத்தைப் பார்த்தறியும் விதிகள் என்று வரும்போது மனம் சோர்ந்து, ஒரு நாள் தவறி, பிறகு ஒரு வாரம் தவறி, புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது.

நிறுத்தாமல் போனவர்கள் பிப்ரவரி 8ஆம் தேதி லேவியராகமத்தின் கடைசி அதிகாரமான 27ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்வார்கள். அந்த அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? பெரும்பாலும் பொருத்தனைகளைப் பற்றியது! நம்முடைய பொருத்தனைகள் தளர்ந்துபோகும் அதே நாட்களில், பொருத்தனை பண்ணினவனுக்கான அதிகாரம் நமக்காகத் திறந்திருக்கிறது. நாமோ அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும். ஆகவே பிப்ரவரிவரை காத்திராமல் இன்றைக்கே அந்த அதிகாரத்துக்குப் போவோம்.

ஒருவன் ஓர் ஆளைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால், அதற்கு ஈடாக, அக்காலத்தில் தேவனை ஆராதித்த இடமாகிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஒரு மதிப்புத் தொகை செலுத்த வேண்டும். 20 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல் என்று அட்டவணையே கொடுக்கப்பட்டிருக்கிறது. சேக்கல் என்பது அக்காலத்து எடை அளவு. 50 சேக்கல் சிறிய தொகை என்று நினைக்காதீர்கள். பிற்காலத்தில் தாவீது ராஜா, அர்வனா என்பவரின் போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் சேர்த்து வாங்கியது 50 சேக்கல் வெள்ளிக்குத்தான். அதாவது, வாயால் ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய வார்த்தைக்கு ஒரு களத்தின் விலை.

சரி, சொல்லிவிட்டான், ஆனால் கையில் பணம் இல்லை. இப்போது என்ன செய்வது? எட்டாம் வசனத்தைப் பாருங்கள். அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி மதிப்பிட வேண்டும். இந்த ஒரு வசனத்துக்காகவே இன்றைக்கு இந்தப் பேச்சைத் தொடங்கினேன். பொருத்தனை ரத்தாகவில்லை, பொருத்தனை பண்ணினவனும் துரத்தப்படவில்லை. மறைந்துகொள்ளாமல் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனிடம் கேட்கப்படுகிறது. தன் ஜனங்கள் தங்கள் பலத்துக்கு மேலாக வாக்குக் கொடுப்பார்கள் என்று தேவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அதற்கான வழியையும் நியாயப்பிரமாணத்திலேயே எழுதிவைத்தார். நமக்கோ பிரதான ஆசாரியர் கிறிஸ்துவே. அவர் நம் பலவீனங்களை அறிந்தவர் என்று எபிரெயர் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே" வரும்படி நம்மை அழைக்கிறது. பிப்ரவரியில் தவறிவிட்டால் டிசம்பர்வரை ஒளிந்திருக்காதீர்கள். அன்றைக்கே போய் நில்லுங்கள். "ஆண்டவரே, இவ்வளவு சொன்னேன், இவ்வளவுதான் முடிந்தது, இனி நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

அந்த அதிகாரத்தில் இன்னும் இரண்டு காரியங்கள். 26ஆம் வசனம், மிருகஜீவன்களில் முதற்பிறந்ததை நேர்ந்துகொள்ள முடியாது என்கிறது. ஏன்? அது ஏற்கெனவே கர்த்தருடையது. பொய் சொல்லமாட்டேன், பெற்றோரை மதிப்பேன் என்றெல்லாம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்துகொள்கிறோமே, அவை நாம் விரும்பினால் கொடுக்கும் காணிக்கைகள் அல்ல. ஜனவரி வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டியவை. அவற்றுக்கு மனந்திரும்புதல் போதும்.

இரண்டாவது, பத்தாம் வசனம். நேர்ந்துகொண்ட மிருகத்தை மாற்றக்கூடாது. நல்லதுக்குப் பதிலாக இளைத்ததையும் கொடுக்கக்கூடாது, இளைத்ததுக்குப் பதிலாக நல்லதையும் கொடுக்கக்கூடாது. இந்த இடத்தில் எனக்கு யாக்கோபுதான் நினைவுக்கு வருகிறார். அவர் இந்தச் சட்டம் கொடுக்கப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன் வாழ்ந்தவர். தன் அண்ணன் ஏசாவுக்குப் பயந்து ஓடியபோது, பெத்தேலில் கல்லைத் தூணாக நிறுத்தி, என்னைச் சமாதானத்தோடு திரும்பிவரச் செய்தால் இந்தக் கல் தேவனுக்கு வீடாகும், பத்தில் ஒரு பங்காகிய தசமபாகமும் செலுத்துவேன் என்று பொருத்தனை பண்ணினார். தாய்மாமன் லாபான் வீட்டில் 20 ஆண்டுகள் கழிந்தன. அங்கே தேவன் அவருக்குத் தரிசனமாகி, பெத்தேலில் நீ எனக்குப் பொருத்தனை பண்ணினாயே, அந்த தேவன் நானே என்கிறார். யாக்கோபின் மனதிலிருந்து அது நழுவியிருக்கலாம். தேவனோ தம்மை அறிமுகப்படுத்துவதே அந்தப் பொருத்தனையைச் சொல்லித்தான்.

யாக்கோபு கானானுக்குத் திரும்பினார். ஆனால் பெத்தேலுக்குப் போகவில்லை. ஓரிரு நாள் நடைதூரத்துக்கு முன்பாகவே, சீகேமில் நிலம் வாங்கிக் கூடாரம் போட்டு, அங்கே ஒரு பலிபீடமும் கட்டினார். பலிபீடம் கட்டுவது நல்ல காரியம்தானே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் அவர் வாக்குக் கொடுத்த இடம் அதுவல்ல. சீகேமில் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தை ஆதியாகமம் 34ஆம் அதிகாரத்தில் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 35ஆம் அதிகாரம், "நீ எழுந்து பெத்தேலுக்குப் போய்" என்று தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகள் எங்கே போனாய் என்று ஒரு கேள்வியும் இல்லை. யாக்கோபு தன் வீட்டாரிடமிருந்த அந்நிய தெய்வங்களை விலக்கச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். பெத்தேலில் தேவன் பழைய வாக்குத்தத்தத்தை மறுபடியும் அவருக்கு உறுதிப்படுத்துகிறார்.

நமக்குள்ளும் ஒரு சீகேம் இருக்கிறது. சகோதரனோடு ஒப்புரவாகிறேன் என்று தேவனிடம் சொல்லியிருப்போம். அது கடினமாக இருப்பதால், அதற்குப் பதிலாக ஊழியத்துக்குக் காணிக்கையைக் கூட்டிக் கொடுப்போம், பாடகர் குழுவில் சேருவோம், உபவாச நாட்களை அதிகமாக்குவோம். எல்லாம் பலிபீடங்கள்தான். ஆனால் அந்தச் சகோதரனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு இன்னும் போகவில்லை. இந்த ஆண்டு புதிய பொருத்தனை எதையும் சொல்வதற்கு முன்னால், பழையது ஒன்று பெத்தேலில் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இந்த ஆண்டுக்கு அதுவே போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

புதிதாகச் சொல்கிறவர்களுக்கு நெகேமியா 10ஆம் அதிகாரத்தைப் பரிந்துரைக்கிறேன். நெகேமியாவோடு எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய ஜனங்கள் தேவனுடைய ஆலயத்தை நேசிப்போம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. வருஷந்தோறும் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்போம், பலிபீடத்துக்கான விறகை யார் எப்போது கொண்டுவருவது என்று சீட்டுப் போட்டுத் தீர்ப்போம் என்று எழுதி முத்திரை போட்டார்கள். விறகு! இவ்வளவு சாதாரணமான வார்த்தை ஒரு பரிசுத்த உடன்படிக்கையில் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். "இந்த ஆண்டு ஜெபத்தில் வளருவேன்" என்று சொல்வதைவிட, "காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதத்தை முழங்காலில் நின்று வாசிப்பேன்" என்று சொல்லுங்கள். அவர்களும் பிற்பாடு தவறினார்கள் என்பது 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். நெகேமியா அந்த விறகுக் காணிக்கையை மறுபடியும் ஒழுங்குபடுத்துகிறார். என்ன வாக்கு என்று தெளிவாக எழுதியிருந்ததால், எதைச் சரிசெய்வது என்பதும் தெளிவாக இருந்தது.

எப்போது சொல்வது? அவசரம் வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் தம் மக்களை, தங்களைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கு அழைத்தபோது, முதலில் சில நாட்கள் அதைப் பற்றி விளக்கிப் பேசினார், உபவாசத்துக்கு ஒரு நாளை ஒதுக்கினார். அதன்பின் 11ஆம் தேதி ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். மெதடிஸ்ட் திருச்சபைகள் பலவற்றில் ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி அந்த ஆராதனை இன்றும் நடக்கிறது. நீங்களும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் தேதி தவறிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த ஆராதனையில் சொல்லப்படும் ஜெபத்தை நோயுற்றவர்களும், படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்துக்கொண்டு சொந்த நேரமே இல்லாதவர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். இனி நான் எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று அது தொடங்குகிறது. என்னை வேலையில் அமர்த்தினாலும் உமக்காக, ஒதுக்கிவைத்தாலும் உமக்காக என்ற கருத்தில் தொடர்கிறது. ஆகவே, மற்றவர்களுடைய நீண்ட தீர்மானங்களைப் பார்த்து, என்னால் ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். திராணிக்கேற்றபடி என்று எழுதியிருக்கிறதே. "ஆண்டவரே, இந்த ஆண்டு நான் உம்முடையவன்" அல்லது "உம்முடையவள்" என்ற ஒரே வரி போதும். அதைப் படுத்தபடியே சொல்லலாம், மருந்து கொடுத்துக்கொண்டே சொல்லலாம், நாளைக்கு மறுபடியும் சொல்லலாம்.