மண்டையோட்டு ஓவியத்தில் எதற்கு இவ்வளவு பூ?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மெக்சிகோ பாணி மண்டையோடு வரையச் சொல்லித் தருகிறீர்கள். இது ஹாலோவீன் பேய்ப் படம்தானே? அதற்கு எதற்குப் பூவும் கலரும்?"

பேய்ப் படம் இல்லைங்க. இந்த மண்டையோடு வீட்டுக்கு வருகிற விருந்தாளி. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்பது மெக்சிகோ மக்களின் நம்பிக்கை. முதல் நாள் குழந்தைகள், மறுநாள் பெரியவர்கள். அவர்களுக்காகப் படையல் போட்டு, போட்டோ, மெழுகுவத்தி, தண்ணீர், அவர்கள் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் வைப்பார்கள். வழி தெரிவதற்காகச் செண்டுமல்லி இதழ்களை இறைத்து வைப்பார்கள். ஆமாம், நம் பூக்கடைகளில் தொங்குகிற அதே செண்டுமல்லிதான். அதற்குப் பூர்வீகமே மெக்சிகோதான். ஓவியத்தில் பூ வருவது இப்படித்தான்.

அந்தப் படையலில் சர்க்கரை மண்டையோடும் உண்டு. ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்திக் காயவைத்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த ஐசிங்கைப் பிழிந்து பூவும் சுருளும் போடுவார்கள். கண்குழியில் ஜிகினாத் தாள் ஒட்டுவார்கள். நெற்றியில் பெயர் இருக்கும். நாம் வரைவதற்கு மூலம் இந்த இனிப்புதான். அதனால்தான் கோட்டை பிரஷ்ஷால் தேய்க்காமல், மருதாணிக் கோனில் பிழிந்த மாதிரி புடைப்பாக விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரிய தொப்பி போட்ட பெண் எலும்புக்கூட்டையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறீர்கள். அது வேறு வழியில் வந்தது. சொந்த மண்ணின் அடையாளத்தை மறைத்து ஐரோப்பியர் போல வேஷம் போட்டவர்களைக் கிண்டல் செய்ய, ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சுக் கலைஞர் செதுக்கியது. அவர் 1913இல் இறந்தார். அவர் போட்டது தலையும் தொப்பியும்தான். முழு உருவமும் கவுனும் கொடுத்தவர் டியேகோ ரிவேரா என்ற மெக்சிகோ ஓவியர், 1947இல் முடித்த சுவரோவியத்தில். எனக்கு ரொம்பப் பிடித்த சுவரோவியம் அது. அதில் அவள் ஒரு கையால் சிறுவன் ரிவேராவைப் பிடித்திருப்பாள், அந்தப் பக்கம் போசாதா நிற்பார்.

சரி, வரையும்போது நெற்றியைக் காலியாக விடாதீர்கள். யாருக்காக வரைகிறீர்களோ அவர் பெயரை எழுதுங்கள். உயிரோடு இருப்பவர் பெயரை எழுதலாமா என்று தயங்க வேண்டாம்; அங்கே நண்பர்கள் பெயரை எழுதிப் பரிசாகவே கொடுக்கிறார்கள். பல்லை மட்டும் கூராக்காதீர்கள். அப்படிப் போட்டால் நீங்கள் கேட்ட பேய்ப் படமாகவே ஆகிவிடும்.