டெட்லைனும் வாய்தாவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஏற்றுமதிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். 'டெட்லைன்' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே கிடையாது. கட்டிங்குக்குத் தோல் வரத் தாமதமானால் டெட்லைன், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும்போது நூல் நிறம் மாறிப்போனால் டெட்லைன். சென்னைத் துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பியாக வேண்டும். அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். ஆர்டரில் வந்த லாபம் அதிலேயே போய்விடும். அந்தச் சொல்லைக் கேட்டாலே தையல் மெஷினில் இருக்கிற பெண்களின் முகம் சுருங்கும்.

அது பிறந்த இடத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வாய் கூசுகிறது.

1864, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தென் மாநிலத்தார் ஒரு போர்க்கைதி முகாம் போட்டார்கள். சுற்றிலும் உயரமான மரச்சுவர். சுவரிலிருந்து சுமார் 19 அடி உள்ளே குச்சிகளை நட்டு, மேலே ஒரு மெல்லிய சட்டம் அடித்திருந்தார்கள். ஒரு சின்னப் பையன்கூடத் தாண்டிவிடுவான். ஆனால் அதைத் தாண்டிக் கை போனாலே காவல் மேடையில் இருப்பவன் எச்சரிக்காமல் சுடலாம். அந்த வேலிக்குத்தான் 'டெட் லைன்' என்று பெயர். முகாமுக்குள் ஓடிய ஓடை நாறிக் கிடந்தது. வேலியோரம் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வரும். அதை மொள்ளக் கை நீட்டிச் சுடப்பட்டவர்களும் உண்டு. மொத்தம் 45,000 பேர் வரை அங்கே அடைபட்டார்கள்; கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பசியாலும் நோயாலும். முகாம் அதிகாரி ஹென்றி வெர்ஸை 1865 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

அப்புறம் அச்சுக்கூடத்தில், எழுத்து பதியும் எல்லையைக் காட்டும் கோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. 1920-ஐ ஒட்டி அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அதை நேரத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கிருந்து நம் பேக்கிங் ஹால் வரை வந்துவிட்டது.

நம் பக்கத்தில் இதற்குச் சொல்லா இல்லை? சீட்டுப் பணத்துக்குத் தவணை. கடன் கொடுத்தவர் வைப்பது கெடு. காட்பாடி தாண்டிச் சித்தூர் போனால் தெலுங்கில் 'கடுவு' என்பார்கள். எங்கள் நைனா நிலத்தீர்வை கட்டப் போகும்போது 'வாய்தா' என்பார். கோர்ட்டில் கேஸைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து அந்தச் சொல்லின் பெயரைக் கெடுத்துவிட்டோம். ஆனால் வாணியம்பாடியில் உருது பேசுகிற எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். 'வாதா' என்றால் கொடுத்த வாக்கு. அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லும் நம் வாய்தாவும் ஒரே வேரில் வந்தவை.

ஒரு ஷிப்மென்ட் ராத்திரி. இன்னும் பாதிப் பெட்டி கட்டவில்லை. நான் டெட்லைன், டெட்லைன் என்று கத்திக்கொண்டிருந்தேன். வயதான பேக்கிங் மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கத்தாத நைனா. பொண்ணுங்களுக்குக் கை நடுங்குது. காலைல எட்டு மணின்னு நான் வாய்தா குடுத்துட்டேன் இல்ல?"

நான் போய் உட்கார்ந்துவிட்டேன். காலை ஏழரைக்குக் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டினார்கள்.