ஒரு செ.மீ. இழுத்த ஸ்பிரிங் ஒன்றரை மீட்டர் ஆடுது!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் மைக்ல ஏறுதுன்னு நிறுத்திட்டேன். வேர்த்து ஊத்தினா கண்டுக்காதீங்க.

நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் கேக்குறீங்க. இன்ஜினியரிங் சேர்ந்தாச்சு, கணக்குப் போடுற மேட்லாப் கத்துக்கவா, பைத்தான் மொழியா, இல்ல பிளாக்குகளை இணைச்சே மாடல் செய்யுற சிமுலிங்க்ல நேரா இறங்கிடவா? எதுல வேணா இறங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சால்வரை, அதாவது சமன்பாட்டுக்கு எட்டு எட்டா விடை கண்டுபிடிக்கிற புரோகிராமை, நீங்களே எழுதிப் பாருங்க. இருபது வரி கூட வராது.

ஏன் சொல்றேன்னா, நான் தலைகீழா ஆரம்பிச்சவன். சிமுலிங்க்ல பிளாக்கை இழுத்துப் போடுவேன், கோடு இணைப்பேன், ரன் கொடுப்பேன், கிராஃப் வரும், ரெக்கார்டுல ஒட்டிடுவேன். வைவால "ஸ்டெப் சைஸ் என்ன?"ன்னு, அதாவது கணக்கு ஒவ்வொரு எட்டுக்கும் எவ்வளவு நேரம் தாண்டுதுன்னு, ஒரு சார் கேட்டாரு. "ஆட்டோ சார்"னேன். "யாருப்பா அந்த ஆட்டோ?"ன்னாரு. முழிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுதினதுதான் இந்த ஸ்பிரிங். 1 கிலோ எடை, ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 100 நியூட்டன், டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்குற உராய்வு மாதிரி எதுவும், கிடையாது. 1 செ.மீ. இழுத்து விடுறோம். பேப்பர்ல போட்டா காலத்துக்கும் 1 செ.மீ. தான் ஆடணும். நான் எழுதினது இவ்வளவுதான்: இப்ப இருக்கிற வேகத்தை வெச்சு அடுத்த இடம், இப்ப இருக்கிற இடத்தை வெச்சு அடுத்த வேகம். ஸ்டெப் 0.01 வினாடி. லூப்ல விட்டேன்.

பத்து வினாடி முடியுறப்ப ஸ்பிரிங் 1.45 மீட்டர் ஆடுது! செ.மீ. இல்லங்க, மீட்டர்.

மைனஸ் குறிய எங்கயோ விட்டுட்டேன்னு ரெண்டு நாள் தேடினேன். எதுவும் தப்பில்ல. சரி, ஸ்டெப்பை பத்துல ஒரு பங்காக்குவோம்னு 0.001 வெச்சேன். பத்தாவது வினாடில 1.65 செ.மீ. வேலை பத்து மடங்கு, அப்பவும் விடை அறுபத்தஞ்சு சதவீதம் கூட.

விஷயம் என்னன்னா, இடத்தையும் வேகத்தையும் ரெண்டு அச்சுல வரைஞ்சா, ஸ்கேலை சரியா வெச்சா, இந்த ஆட்டம் ஒரு வட்டம். நம்ம லூப் ஒவ்வொரு எட்டையும் தொடுகோட்டு வழியா வைக்குது. தொடுகோட்டுல நடக்கிறவன் வட்டத்துக்கு வெளியதான் போவான், உள்ள வர வழியே இல்ல. அதனால எங்கிருந்தோ ஆற்றல் ஏறிக்கிட்டே இருக்கு. இதுக்குப் பேரு ஆய்லர் முறை.

இப்ப வேடிக்கையப் பாருங்க. ரெண்டு வரிய மேல கீழ மாத்தினேன். முதல்ல வேகம், அப்புறம் அந்தப் புது வேகத்தை வெச்சு இடம். ஸ்டெப் அதே 0.01. ஆட்டம் 1 செ.மீ. கிட்டயே நின்னுடுச்சு! இதை செமி இம்ப்ளிசிட் ஆய்லர்னு சொல்வாங்க. பேரு தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

இதுக்கு அப்புறம் மேட்லாப்ல ரெடியா இருக்கிற ஓடிஇ 45-ங்கிற சால்வரைத் திறந்தா அது வேற மாதிரி தெரியும். ஸ்டெப்பை அதுவே கூட்டிக் குறைச்சுக்கும், சரி. எவ்வளவு பிழைய விடலாம்ங்கிற ரிலேட்டிவ் டாலரன்ஸ் நீங்க எதுவும் சொல்லலன்னா 0.001. அதை நீங்க தேர்ந்தெடுக்கல, ஆனா ரிப்போர்ட்ல உங்க பேருதான் இருக்கும்.

ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சுக் கணக்குப் போடுற ஃபைனைட் எலிமெண்ட் முறையிலயும் இதே கதைதான், அங்க ஸ்டெப்புக்குப் பதிலா அந்தத் துண்டுகளோட வலை, அதாவது மெஷ். 1991 ஆகஸ்ட்ல நார்வேல ஸ்லெய்ப்னர் ஏ-ன்னு ஒரு எண்ணெய் மேடையோட கான்கிரீட் அடித்தளம், தண்ணில இறக்கிச் சோதிக்கும்போதே சுவர் உடைஞ்சு மூழ்கிடுச்சு. வடிவமைப்புக் கணக்குல ஷியர் ஸ்ட்ரெஸ், அதாவது சுவரை வெட்டுற மாதிரி வர்ற அழுத்தம், 47 சதவீதம் குறைவா வந்திருந்தது. அப்புறம் நுணுக்கமா திரும்பக் கணக்குப் போட்டா 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு வந்தது. நிஜத்துல உடைஞ்சது 65 மீட்டர்ல. ஃபைனைட் எலிமெண்ட் முறை சரியாத்தான் இருந்திருக்கு. அதுக்குக் கொடுத்த மெஷ்தான் சரியில்ல.

மொழிச் சண்டைக்கு ஒரு நிமிஷம் போதும். ஒரு பட்டியல்ல இருக்கிறதை எண்ணும்போது மேட்லாப்ல 1-ல ஆரம்பிக்கும், பைத்தான்ல 0-ல. மாறி மாறி எழுதினா ஒரு வாரம் தடுமாறுவீங்க, அவ்வளவுதான். மேட்லாப்பே க்ளீவ் மோலர்ங்கிற பேராசிரியர், மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழில புரோகிராம் எழுதாம மேட்ரிக்ஸ் கணக்குப் போடட்டும்னு செஞ்சதுதான். லைசென்ஸ் இல்லையா? ஆக்டேவ் இருக்கு, சைலாப் இருக்கு, ரெண்டும் இலவசம்.

சரி, புரோகிராம் ஸ்கிரீன்ல இருக்கு, பாஸ் பண்ணி எழுதிக்கோங்க. வரி மாத்தின புரோகிராம்ல ஸ்டெப்பை 0.19 வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க, அப்புறம் 0.21 வெச்சு ஓட்டுங்க. நடுவுல 0.2-ல என்ன இருக்குன்னு அடுத்த வீடியோல பேசுவோம். நான் ஃபேனைப் போடுறேன்.