புழு தின்ற கறிவேப்பிலை

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடப் போனேன், நெளிந்தது. குனிந்து பார்த்தால் புழு! எச்சம் என்று நினைத்துப் பறவை கொத்தாமல் போய்விடும், அதற்காகத்தான் இந்த வேஷம். கொஞ்ச நாளில் தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறிவிட்டது. விரலால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று கவட்டை போல ஒரு கொம்பு நீண்டது, கூடவே ஒரு நெடி.

மருந்தடிக்கச் சொன்னார்கள். மனம் வரவில்லை. செடி பாதி மொட்டையானது உண்மைதான், ஆனால் அடுத்த மழையிலேயே தளிர்த்துவிட்டது. புழு கூடு கட்டிப் பத்து நாள் போல இருந்தது. அப்புறம் ஒரு காலையில், பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது.

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று நாம் பூச்செடியாகப் பார்த்து வாங்குகிறோம். தேன் குடிக்க அது பல பூவுக்கும் வரும், உண்ணிச்செடிக்கும் வரும். முட்டையிட மட்டும் தன் புழு தின்னக்கூடிய இலையைத் தேடித்தான் போகும். நர்சரியில் அழகுக்கு விற்கும் வெளிநாட்டுச் செடிகள் பலவற்றை நம் ஊர்ப் புழுக்கள் தொடுவதே இல்லை. புழு இல்லையென்றால் தையல்சிட்டு குஞ்சுக்கு எதை ஊட்டும்? தேன்சிட்டுகூடத் தான் தேன் குடித்தாலும், குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் கொண்டுவந்து கொடுக்கிறது.

சரி, என்ன வைக்கலாம்? ஆவாரை வையுங்கள். பொட்டல் காட்டிலேயே வளர்கிற செடி, தண்ணீர் அதிகம் கேட்காது. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் நுனியில் சின்னத் துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு வந்து பூவை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது தூள் உதிரும். காலை வெயிலில் பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் சட்டென்று சுருதி மாறுவது காதில் விழும். எனக்கு அதைக் கேட்காமல் பொழுது விடிவதில்லை.

இடம் இருந்தால் நொச்சியும் வைக்கலாம். எருக்கை யாரும் வீட்டில் வைப்பதில்லை, ஆனால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடுவது அதைத்தான். அதன் புழு எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் ஒதுங்கிப் போகும். தெருவோரத்தில் தானாக முளைத்திருந்தால் வெட்டாமல் விட்டாலே போதும். எருக்கம்பால் மட்டும் கண்ணில் படக்கூடாது. குழந்தைகள் விளையாடும் வீடென்றால் வேலிக்கு வெளியிலேயே இருக்கட்டும்.