நடு இரவில் உங்கள் போனில் பேசுவது யார்? இணைய அழைப்புக்கு அடையாளம் கேட்கும் முறை

வணக்கம்! செவ்வாய்ப்பேட்டையில் கடையை அடைத்துவிட்டு உறங்கப் போகிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் இணையத் தொலைபேசி இணைப்பில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுகிறார்கள். பணம் உங்கள் கணக்கில் கழிகிறது. உள் எண் 1001, கடவுச்சொல்லும் 1001 என்று வைத்தால் இது நடக்கும். இணைய அழைப்புகள் வழக்கமாக வந்து சேரும் வாசலான 5060-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை.

இந்த அழைப்புகளை இணைக்கும் நெறிமுறை எஸ்ஐபி. 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தர ஆவணம் அதன் அடிப்படை. வரலாறு இவ்வளவு போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை! பட்டறையில் தங்கத்தின் மாற்றை அறிய நகையை உருக்குகிறார்களா? உரைகல்லில் ஒரு கோடு இழைக்கிறார்கள், அவ்வளவுதான். அழைப்பை இணைக்கும் சர்வரும் அப்படியே. முதல் அழைப்பை 401 என்று மறுத்து, கூடவே 'நான்ஸ்' என்ற புதிய எழுத்துக்கோவையை நீட்டுகிறது. அதுதான் கல். போன் தன் கடவுச்சொல்லை அதன்மேல் இழைத்து, எம்டி5 என்ற ஒருவழிக் கணக்கில் விழுந்த கோட்டை மட்டும் அனுப்புகிறது. நேற்றைய கோட்டைத் திருடியவனுக்கு இன்று பயனில்லை, கல் மாறியிருக்கும். ஆனால் அவன் வீட்டில் உட்கார்ந்து, அதே கோடு விழும்வரை ஆயிரமாயிரம் சொற்களை இழைத்துப் பார்க்கலாம். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

சரி, கல்லை நீட்டுவது யார்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு அஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளை நிறுவினேன். வெளியே பேச முடிந்தது. உள்ளே ஓர் அழைப்பும் வரவில்லை. அதன் அமைப்புக் கோப்பில், சேவை நிறுவனத்துடன் நம்மை இணைக்கும் ட்ரங்க் பகுதியில் 'அவுட்பவுண்ட் ஆத்', 'ஆத்' என இரண்டு வரிகளையும் எழுதியிருந்தேன். முதலாவது, நாம் அழைக்கும்போது அவர்கள் நீட்டும் கல்லுக்கு நம் பதில். இரண்டாவது, அவர்கள் அழைக்கும்போது நாம் கல்லை நீட்டுவது. அந்த நிறுவனம் அதற்குப் பதிலே தரவில்லை. அழைப்பு வாசலிலேயே முறிந்தது. 'ஆத்' வரியை நீக்கி, அழைப்பவரை முகவரியால் அடையாளம் காணும் 'ஐடென்டிஃபை' பகுதியில் அவர்களுடைய ஐபி முகவரியை எழுதினேன். வரவேற்பறைப் போன் மணி அடித்தது!

விடுதி அறைகளின் போன்களுக்கு 'ஆத்' கட்டாயம். வெளியிலிருந்து வரும் அழைப்பு விழும் கான்டெக்ஸ்டில், அதாவது அழைப்பு எங்கே போகலாம் என்று சொல்லும் விதித்தொகுப்பில், வெளியழைப்பு விதி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்போதே உங்கள் ட்ரங்க் பகுதியைத் திறந்து பாருங்கள். சிக்கல் இருந்தால் அந்த வரிகளைக் கீழே கருத்துப் பகுதியில் பதியுங்கள், நான் படித்துப் பதில் தருகிறேன். கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டுப் பதியுங்கள்.