நோயாளிக்கு மிக அருகில் இருப்பவர்

வணக்கம் நேயர்களே.

நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குச் சேரலாமா, சேர்ந்தால் வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் கேட்கிறார்கள். வேறு தொழிலை விட்டு வர விரும்பும் ஆண்களும் கேட்கிறார்கள். நான் செவிலியராக வேலை பார்த்தவள். இப்போது புதிதாக வரும் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என் பதில் இதுதான்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் பயிற்சியையும் வேலையையும் தேர்ந்தெடுக்கும்போது இதை மட்டும் விடாமல் விசாரியுங்கள். நோயாளியைக் கவனித்துப் பார்க்க இங்கே கற்றுத் தருவார்களா? நான் பார்த்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்களா?

மருத்துவர் ஒரு நோயாளியிடம் நாளுக்குச் சில நிமிடங்கள் இருப்பார். செவிலியருக்கு மருந்து, ஊசி, ட்ரிப், பதிவேடு என்று கை நிறைய வேலை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பிட வைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உதவியாளர் கையில்தான். நோயாளியின் உடம்பை முழுசாகப் பார்ப்பவர், அவரோடு அதிக நேரம் பேசுபவர் அவரே. அதனால் ஒரு மாற்றம் வந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் ஒருநாள் காலையில் வந்து, "சிஸ்டர், அந்தப் பாட்டி இன்னைக்கு என்னையே யாருன்னு கேக்குறாங்க. நேத்து நல்லாப் பேசிட்டிருந்தாங்க" என்றாள். காய்ச்சல் இல்லை, வலி என்றும் அந்த அம்மா சொல்லவில்லை. வயதானவர்களுக்குத் திடீரென்று குழப்பம் வந்தால் உள்ளே ஏதோ தொற்று இருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். சோதித்துப் பார்த்தபோது சிறுநீர்த் தொற்று. 'வயசானா அப்படித்தான்' என்று அந்தப் பெண் விட்டிருந்தால் சிகிச்சை தள்ளிப் போயிருக்கும். அவள் எந்தக் கருவியையும் தொடவில்லை. நேற்றைய பாட்டியையும் இன்றைய பாட்டியையும் மனதில் ஒப்பிட்டுப் பார்த்தாள். பார்த்ததை உடனே வந்து சொன்னாள்.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொள்வது? வகுப்பறையில் பாதிதான் வரும். மீதி படுக்கையருகே, அனுபவம் உள்ள செவிலியர் பக்கத்தில் நிற்கும்போது வருவது.

நாடித் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பதைப் புத்தகத்தில் படித்துவிடலாம். துடிப்பு சீராக இல்லாமல் தட்டினால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது கை வைத்துப் பழகும்போதுதான் மனதில் நிற்கும். மூச்சு எண்ணுவது இன்னும் நுணுக்கம். 'உங்க மூச்சை எண்ணப் போறேன்' என்று சொன்னால் யாருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால் நாடி பார்த்த கையை எடுக்காமல், அப்படியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை அளவில் சிறியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இதையெல்லாம் ஆசிரியர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துத் திருத்த வேண்டும்.

படுக்கைப் புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தடுப்பதில் உதவியாளரின் பங்கு மிகப் பெரியது. அசையாமல் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டில், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடும். அதனால்தான் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கும் பக்கத்தை மாற்றச் சொல்கிறோம். சிலருக்கு அதற்கும் முன்பே மாற்ற வேண்டியிருக்கும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுசாக ஒருக்களிக்காமல், தலையணை முட்டுக் கொடுத்து 30 டிகிரி அளவு சாய்த்தால் இடுப்பெலும்பு மீது பாரம் விழாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் நம்மைப் போலக் கறுத்த, மாநிறத் தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. பாடப் படங்கள் பலவும் வெள்ளைத் தோலையே காட்டுவதால் இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். அங்கே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ மெத்தென்றோ மாறியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பயிற்சிப் பள்ளி இதைச் சொல்லித் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலிருந்தே அதன் தரம் ஓரளவு புரிந்துவிடும்.

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். சக்கர நாற்காலியை அவருடைய நல்ல பக்கம் கொண்டுவந்து பிரேக் போட வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். உணவு ஊட்டும்போது நேராக உட்கார வைத்து, ஒரு வாய் முழுங்கியபின் அடுத்த வாய். சாப்பிடும்போது இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் கரகரவென்று நீர் கோத்தது போல மாறினாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டுச் செவிலியரைக் கூப்பிடுங்கள். உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டிய அடையாளம் அது.

கை கழுவுவது பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனம் வராது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வருவதற்கு முன் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார்கள் இறப்பது வேகமாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கட்டில் கம்பியை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார்கள். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கை கழுவத்தான் வேண்டும்.

அப்புறம், எத்தனை காலம் படிக்க வேண்டும் என்ற கேள்வி. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்த அலட்சியங்கள் பெரிய பேச்சான பிறகு, 1987இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையோடு கூடிய செய்முறை. இன்னொரு விதியும் உண்டு, எனக்கு அது மிகவும் பிடிக்கும்: நோயாளியைத் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரம் பேச்சுமுறை, தொற்றுத் தடுப்பு, அவசரநிலை, நோயாளியின் உரிமைகள் போன்றவற்றைக் கற்றிருக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 75 மணி நேரம் போதாது என்று 160 மணி நேரம் கேட்கிறது. தேர்வில் தேறி மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இந்த வேலையில் தொடர முடியும். தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் மறுபடி பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படி பிராக்டிகல் நர்ஸ், அதாவது முழுப் படிப்பு படித்த செவிலியருக்கு ஒரு படி கீழே, உரிமத்தோடு வேலை செய்பவர். அமெரிக்காவில் சுமார் ஒரு வருடப் படிப்பு, பிறகு என்கிளெக்ஸ்-பி.என். என்ற தேர்வு, அதன்பின் உரிமம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இவர்களை வொகேஷனல் நர்ஸ் என்பார்கள். இங்கிலாந்தில் உதவியாளருக்கும் செவிலியருக்கும் நடுவே நர்சிங் அசோசியேட் என்ற பணியை உருவாக்கி, 2019 முதல் பதிவு செய்கிறார்கள். இந்தியாவில் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மகப்பேறு உதவியாளர் படிப்பு), ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மகப்பேறு பட்டயப் படிப்பு), பி.எஸ்சி. நர்சிங் போன்ற அங்கீகாரம் பெற்ற படிப்புகள் வேண்டும். ஆறு மாத உதவியாளர் சான்றிதழை வைத்து யாரும் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. 'இதை முடித்தால் நீங்களும் நர்ஸ்' என்று விளம்பரம் செய்தால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். பணம் கட்டும் முன், சான்றிதழ் தருபவர் யார், அதை ஏற்கும் பதிவேடு எது, செய்முறை எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பதிவேட்டை நடத்தும் அலுவலகத்திடமே நேரடியாக விசாரியுங்கள்.

உதவியாளருக்கும் பிராக்டிகல் நர்ஸுக்கும் உள்ள எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்றவை உரிமம் உள்ளவருக்குரிய வேலை. சில இடங்களில் கூடுதல் பயிற்சி பெற்ற உதவியாளருக்குச் சில மருந்துகள் கொடுக்க அனுமதி உண்டு. ஆள் இல்லை என்று சொல்லி, பயிற்சி இல்லாதவரிடம் ஊசியை நீட்டும் இடங்கள் இருக்கின்றன. மறுத்துவிடுங்கள். நோயாளிக்கு ஏதாவது ஆனால் உங்கள் பக்கம் நிற்க எந்தச் சட்டமும் வராது. அதைவிட முக்கியம், அந்த நோயாளி.

வேலை தேடும்போது செய்முறைக்குப் போன இடத்திலிருந்தே தொடங்குங்கள். அங்கே உங்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நேரத்துக்கு வந்தீர்களா, நோயாளியிடம் எப்படிப் பேசினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சில நிறுவனங்கள் பயிற்சியையும் தாங்களே கொடுத்து வேலைக்கு எடுக்கின்றன. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் முதியோர் இல்லங்கள், தங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவரிடம் இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. அதனால் கையிலிருக்கும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் முன், வேலை கொடுப்பவரே பயிற்சி தருவாரா என்று முதலில் பாருங்கள்.

இன்டர்வியூவில் அவர்கள் மட்டுமே கேள்வி கேட்க வேண்டும் என்பதில்லை. இரவு ஷிஃப்டில் ஓர் உதவியாளருக்கு எத்தனை நோயாளிகள்? ஆரம்பத்தில் அனுபவசாலியோடு சேர்ந்து எத்தனை நாள் வேலை செய்ய விடுவீர்கள்? எழுந்து நிற்க முடியாதவர்களைத் தூக்கக் கருவி உண்டா? ட்யூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்து வருபவரிடம் சொல்லி ஒப்படைக்கும் பேச்சில் உதவியாளர்களும் இருப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் மிகவும் கவனிப்பேன். உதவியாளரை அந்தப் பேச்சில் சேர்க்காத இடத்தில், அவர் பார்த்தது யார் காதுக்கும் போகாது. ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பிக்கு உரிய தடுப்பூசியையும் வேலைக்குச் சேரும் முன்பே தொடங்கிவிடுங்கள். வழக்கமான முறையில் மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். வேலையில் நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த நேரமே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள், தொடங்கியாக வேண்டும். வெட்கப்பட்டோ பயந்தோ மறைக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்டுகள் விஷயத்தில் உஷாராக இருங்கள். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் பணத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தைக் காட்ட மறுப்பவரை, பாஸ்போர்ட்டைத் தன்னிடம் கொடுத்து வைக்கச் சொல்பவரை நம்ப வேண்டாம். உங்கள் பயிற்சிச் சான்றிதழ் அந்த நாட்டில் செல்லுமா என்பதை அந்த நாட்டுச் செவிலியர் மன்றத்தின் வழியாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

உதவியாளராகச் சேர்ந்தவர்களில் சிலர் பிறகு பிராக்டிகல் நர்ஸாகவும் அதற்கு மேலும் படிக்கிறார்கள். அப்படி நினைப்பவர்கள் பயிற்சியில் எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பாடம், எங்கே செய்முறை என்ற விவரங்களை முத்திரையோடு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடும்போது, எந்தப் பிரிவில் எந்தக் காலம் வேலை செய்தீர்கள் என்று எழுதிய அனுபவக் கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பள்ளி மூடிப்போகலாம், மேற்பார்வையாளர் இடம் மாறிப் போகலாம். பிற்பாடு அந்தத் தாளுக்காக அலைவது பெரிய பாடு.

நன்றி, வணக்கம்.