உண்மைக்கு வழி சாக்ரடீஸின் கேள்வியா, அரிஸ்டாட்டிலின் நிரூபணமா? நிரூபணமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கேள்வியாலேயே ஏதென்ஸை உலுக்கியவர் சாக்ரடீஸ்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனார் எதிரணித் தலைவர். உலுக்கினார், மறுக்கவில்லை. உலுக்கியபின் கையில் என்ன மிஞ்சியது?

பிளேட்டோவின் 'லாக்கீஸ்' உரையாடலைப் பாருங்கள். வீரம் எது? "அணி குலையாமல் நின்று போரிடுவது" என்கிறார் தளபதி லாக்கீஸ். சாக்ரடீஸ் விடுவாரா? கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயாப் போரில் ஸ்பார்ட்டா படை பின்வாங்கித் திரும்பித்தானே ஜெயித்தது என்று மடக்குகிறார். "அப்படியானால் மன உறுதி" என்கிறார் லாக்கீஸ். வீரம் மேன்மையானது, அறிவற்ற உறுதி கேடானது என்ற இரண்டுக்கும் அவரைத் தலையாட்ட வைக்கிறார் சாக்ரடீஸ். ஆக, அறிவோடு கூடிய உறுதியே வீரம். பிறகு கேட்கிறார்: கிணற்றில் இறங்கும் வித்தை தெரிந்தவனைவிட, தெரியாமலே துணிந்து இறங்குகிறவன்தானே வீரன்? அதற்கும் ஆமாம் போடுகிறார் தளபதி. மாட்டிக்கொண்டார்!

கோளாறே இங்கேதான். ஒப்புக்கொண்டவை ஒன்றோடொன்று முட்டுவது தெரிகிறது. அவற்றில் பொய் எது? அதை இந்த முறை காட்டாது. வரையறை கிடைக்காமலே எழுந்து போகிறார்கள்.

அரிஸ்டாட்டிலிடம் வாருங்கள். கோள்கள் மினுக்குவதில்லை, மினுக்காதது அருகில் உள்ளது, ஆகவே கோள்கள் அருகில் உள்ளன. முடிவு சரிதான். ஆனால் மினுக்காததாலா அவை அருகில் இருக்கின்றன? திருப்பிப் போடுகிறார்: அருகில் உள்ளது மினுக்காது, கோள்கள் அருகில் உள்ளன, ஆகவே அவை மினுக்குவதில்லை. முதலாவது 'இப்படி இருக்கிறது' என்கிறது, இரண்டாவது 'ஏன்' என்பதைச் சொல்கிறது. இரண்டு கூற்றையும் இணைக்கும் நடுப்பதம், இங்கே 'அருகில் உள்ளது' என்பது, காரணமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. (மினுக்கலுக்கு இன்று நாம் வளிமண்டலத்தைச் சொல்கிறோம், நிபந்தனை அப்படியேதான் நிற்கிறது.) நடுப்பதம் சரியாக நிற்காவிட்டால்? குதிரைக்கு நாலு கால், நாய்க்கு நாலு கால், ஆகவே குதிரை நாய்!

"அந்தக் கூற்றுகள் எங்கிருந்து வரும்?" என்று எதிரணி கேட்கும். கண்ணால் பார்த்தது நினைவாகி, பல நினைவுகள் அனுபவமாகி, அதிலிருந்து பொதுவிதி பிறக்கும் என்கிறார் அரிஸ்டாட்டில். கோழிமுட்டையில் மூன்று நாள் கழிந்ததும் வெள்ளைக்கருவில் ரத்தப்புள்ளியாக இதயம் துடிப்பதை எழுதிவைத்தவர் அவர். அந்த இதயமே உணர்வின் இருப்பிடம் என்று தப்பாகவும் சொன்னார், எதிரணி சிரிக்கலாம். ஆனால் தேனீக்களின் பிறப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதித்த பிறகு அவரே எழுதுகிறார்: உண்மைகள் இன்னும் போதிய அளவு தெரியவில்லை; தெரியவரும்போது வாதத்தைவிடப் புலன் காட்டுவதையே நம்புங்கள்.